இரண்டாவது பேஸ் பாக்ஸ் வாங்கப் போகிறீர்களா?

பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன்கள் யாராவது வீட்டுக்கு வந்தால், காபி ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "சார், ஸ்டேஜ்ல நான் வாசிக்கிறது எனக்கே கேட்க மாட்டேங்குது. இன்னொரு பாக்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?" கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் 15,000, மிஞ்சிப் போனால் 20,000 என்பார்கள். அதிலும் பாதி சீட்டுப் பணமாக இருக்கும், மீதி அக்காவிடம் வாங்கின கடனாக இருக்கும்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். இப்போது உங்களிடம் இருக்கும் பாக்ஸ் என்ன கம்பெனி, என்ன மாடலோ, அதையே இன்னொன்று வாங்குங்கள். பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்கவில்லையா, காத்திருங்கள். கேட்டவர்கள் முகம் சுருங்கிவிடும். "15 இஞ்ச் ஸ்பீக்கர், 500 வாட்ஸ்" என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார்கள். பேங்க் வேலைக்கு நடுவே சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் இருபது வருஷத்துக்கு மேல் பேஸ் வாசித்த ஆள் என்பதால் கேட்கிறார்கள். அதே காரணத்தால்தான் நானும் பிடிவாதமாக இப்படிச் சொல்கிறேன். அந்தப் பிடிவாதத்துக்கு என்ன அடிப்படை என்று ஒருமுறை முழுதாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில், உங்களுக்கு இரண்டாவது பாக்ஸ் நிஜமாகவே வேண்டுமா?

கோயில் திருவிழா மாதிரித் திறந்தவெளிக் கச்சேரிகளில் ஜனங்களுக்குக் கேட்பது உங்கள் பாக்ஸ் இல்லை. மைக் செட்காரர் உங்கள் ஆம்ப்ளிஃபயர் பின்னாலிருந்து ஒரு லைன் எடுத்து, மிக்ஸர் வழியாகத் தன்னுடைய பெரிய பெட்டிகளுக்கு அனுப்பிவிடுவார். மேடையில் இருக்கும் பாக்ஸ் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் மட்டும்தான். அந்தப் பாக்ஸைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் இரண்டடி தள்ளி நின்றால் சத்தம் முழங்காலுக்குத்தான் கேட்கும். காது அஞ்சரை அடி உயரத்தில் இருக்கிறது.

ஒரு பலமான ஸ்டூல் மேல் பாக்ஸைத் தூக்கி வையுங்கள். அல்லது முன்பக்கம் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வையுங்கள். தரையை விட்டு எழும்பியதும் அடிச்சத்தம் கொஞ்சம் குறையும், அது பரவாயில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். பிறகு ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது சுகமாக இருக்கிற அந்தக் 'கும்' சத்தம், மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் காணாமல் போய்விடும். கூட்டத்தில் அடையாளம் தெரிவது 200லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதிதான். என்னிடம் கேட்க வந்தவர்களில் பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்திருக்கிறது. செலவு ஒரு ஸ்டூல்.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை, சர்ச்சிலோ கல்யாண மண்டபத்திலோ மைக் செட்டில் பேஸ் தாங்கும் பெட்டி கிடையாது, உங்கள் பாக்ஸேதான் ஹால் முழுக்கக் கேட்டாக வேண்டும் என்றால் வாங்க வேண்டியதுதான். அப்போது முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ் அல்ல, ஓம்ஸ்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பீக்கர் அவுட் பக்கத்தில் 'மினிமம் 4 ஓம்ஸ்' என்று போட்டிருக்கும். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் அப்படித்தான். அதற்குக் கீழே போகாதே என்று அர்த்தம். இரண்டு பாக்ஸை அந்த அவுட்டில் சேர்த்துப் போட்டால் ஓம்ஸ் கூடாது, குறையும். 8ம் 8ம் சேர்ந்தால் 4. இது சரி. 4ம் 4ம் சேர்ந்தால் 2. இது ஆபத்து. 8ம் 4ம் சேர்ந்தால் 2.67. இதுவும் ஆபத்து. போதாததற்கு அந்த 4 ஓம்ஸ் பாக்ஸ் மற்றதைப்போல இரண்டு பங்கு பவரை இழுத்துக்கொள்ளும். இன்னொரு ஆள் வந்தால் சுமை குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து பார்த்தால் பந்தியில் இன்னொரு வாய் கூடுகிற மாதிரி. பரிமாறுகிறவர் அவர்தான்.

ஒரு பங்குனித் திருவிழாவில், எங்களுக்கு முன்னால் வாசித்த குழுவின் பேஸ் பையன் இரண்டு 4 ஓம்ஸ் பாக்ஸைச் சேர்த்துப் போட்டிருந்தான். முதல் நான்கு பாட்டு பிரமாதமாக இருந்தது. மேடையே அதிர்ந்தது. ஐந்தாவது பாட்டில் சரணத்துக்குப் போகும்போது ஒரு கருகல் வாசனை, அப்புறம் பேஸே இல்லை. மிச்சக் கச்சேரி முழுக்க அவன் கிட்டாரை மாட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தான். அடுத்த நாள் காலையில் ரிப்பேர்க் கடையில் கேட்ட தொகை, அவன் அந்த இரண்டாவது பாக்ஸுக்குக் கொடுத்ததைவிட அதிகம். ஓம்ஸைப் பற்றி அவனிடம் யாரும் சொன்னதில்லை. விற்ற கடையிலும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே, இப்போது இருக்கும் பாக்ஸ் 8 ஓம்ஸ் என்றால் இன்னொரு 8 வாங்கலாம். இருப்பதே 4 என்றால், உங்கள் ஆம்ப்ளிஃபயர் 2 ஓம்ஸ் வரை தாங்கும் என்று எழுதியிருந்தால் ஒழிய, இரண்டாவது பாக்ஸ் என்ற பேச்சே இல்லை. அதை விற்றுவிட்டு வேறு ஒன்று வாங்குவதுதான் வழி. எல்லாம் ஒரே பெட்டியாக வரும் காம்போ வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரே 4 ஓம்ஸாக இருக்கலாம், வெளியே பாக்ஸ் மாட்ட வழியே இல்லாமலும் இருக்கலாம். முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வால்வ் ஆம்ப்ளிஃபயருக்கு வேறு சட்டம், அதில் சொல்லியிருக்கும் ஓம்ஸுக்குச் சரியான இடத்தில்தான் மாட்ட வேண்டும். நம் பக்கத்தில் அது வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், அதனால் விடுகிறேன்.

இந்த ஓம்ஸ் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. '300 வாட்ஸ்' என்று ஆம்ப்ளிஃபயரில் போட்டிருப்பது பெரும்பாலும் 4 ஓம்ஸுக்கு. ஒரே ஒரு 8 ஓம்ஸ் பாக்ஸை மாட்டினால் அதில் பாதியோ, அதற்குச் சற்று மேலோதான் வெளியே வரும். இரண்டாவது 8 ஓம்ஸ் பாக்ஸ் சேரும்போதுதான் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வாட்ஸ் முழுதாகக் கைக்கு வருகிறது.

அதோடு இரண்டு பாக்ஸும் சேர்ந்து தள்ளும் காற்றும் இருமடங்கு. ஒரே மாதிரியான இரண்டு பாக்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அடிச்சத்தத்தில் அதற்கே 3 டெசிபல் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர் கூடுதலாகத் தருவதால் இன்னும் 2, 3 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். ஆக, இரண்டாவது பாக்ஸ் சத்தத்தை இரட்டிப்பாக்காது, ஆனால் நன்றாகத் தெரிகிற வித்தியாசம் கொடுக்கும். இதற்கு மாறாக, வெறும் வாட்ஸை மட்டும் 250லிருந்து 500 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால்தான் தெரியும்.

பாக்ஸின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸ் அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை. எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. சத்தத்தைச் சொல்வது 'சென்சிடிவிட்டி' என்று போட்டிருக்கும் இன்னொரு எண். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 97 டெசிபல் பாக்ஸுக்கு 400 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம், 100 டெசிபல் பாக்ஸுக்கு 200 வாட்ஸ் கொடுத்தாலே வந்துவிடும். கடையில் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். உடனே வாட்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, "ஏற்கெனவே 10 இஞ்ச் இருக்கு, கீழே ஒரு 15 இஞ்ச் போட்டா அடி நல்லா வரும்ல?" என்பது அடுத்த கேள்வி. நாலு பேருக்கு மூன்று பேர் இதைக் கேட்பார்கள். எனக்கு ஒத்துக்கொள்ள முடியாத யோசனை இது.

15 இஞ்ச் என்றால் பேஸ் என்ற நம்பிக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. லியோ ஃபெண்டர் 1951ல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்து, அதற்கென்றே 1952ல் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது அதில் இருந்தது ஒரே ஒரு 15 இஞ்ச் ஸ்பீக்கர். ஆனால் 1969ல் ஆம்பெக் கம்பெனி எஸ்விடி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 300 வாட்ஸ் வால்வ் ஆம்ப்ளிஃபயர், அதற்குக் கீழே எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர்கள் கொண்ட, ஓட்டையே இல்லாமல் மூடிய பெட்டி. ஃப்ரிட்ஜ் என்றே அதற்குப் பட்டப்பெயர். ராக் மேடைகளில் பேஸ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆனதே அந்த 10 இஞ்ச் பெட்டியால்தான். அதுவும் 60 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே கீழே இறங்கத் தொடங்கிவிடும்.

ஸ்பீக்கரின் குறுக்களவை வைத்து அது எவ்வளவு கீழே போகும் என்று சொல்லிவிட முடியாது. ஸ்பீக்கரின் குணம், பெட்டியின் கொள்ளளவு, ஓட்டையின் அளவு மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஹாஃப்மன் என்பவர் சொன்ன விதி ஒன்று ஸ்பீக்கர் செய்பவர்களிடம் பிரசித்தம். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், அடிச்சத்தம் ஆழமாக வர வேண்டும், சத்தமும் பலமாக வேண்டும் என்றால், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். குறைந்த விலையில் சின்னப் பெட்டிக்குள் அடைத்து விற்கும் 15 இஞ்ச், ஒரு நல்ல 10 இஞ்ச் ஜோடியைவிட ஆழமாகப் போவதில்லை. பரப்பளவு கணக்கிலும், ஒரு 15 இஞ்ச் கோன் சுமார் 850 சதுர சென்டிமீட்டர் என்றால், 10 இஞ்ச் ஒன்று சுமார் 350. நான்கு 10 இஞ்ச் சேர்ந்தால் 1,400. காற்றைத் தள்ளுவதில் யார் பெரியவர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேறு வேறு பாக்ஸைச் சேர்த்து வைப்பதில் இன்னொரு தொல்லை. சில ஸ்வரங்களில் இரண்டும் ஒத்துழைக்கும், சில ஸ்வரங்களில் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இந்தக் கட்டையில் கும்மென்று இருப்பது அடுத்த கட்டையில் பொசுக்கென்று போய்விடும். விரல் சரியில்லையோ என்று வாசிப்பவர் தன்னையே சந்தேகப்படுவார். சில கலவைகள் நன்றாக அமைந்துவிடுவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதைக் கேட்டுப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. 20,000 ரூபாயை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்கிறேன். ஒரே மாடல் இரண்டு என்றால் இந்தக் கவலை இல்லை, வாங்குவதற்கு முன்பே அதன் குரல் உங்களுக்குத் தெரியும்.

அடிச்சத்தம் என்று நாம் நினைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு கம்பி பேஸில் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் 41 ஹெர்ட்ஸ். அந்த 41ஐ அதே பலத்தோடு வெளியே தரும் பாக்ஸ் அபூர்வம். நாம் கேட்பது பெரும்பாலும் அதன் இரண்டாவது, மூன்றாவது மடங்கு ஒலிகள். மூளை அதிலிருந்து அடிஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. இலங்கை வானொலியை உள்ளங்கை அகல ஸ்பீக்கர் கொண்ட டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகுமே, அதை அந்தப் பெட்டியிலேயே ஸ்வரம் ஸ்வரமாகப் பிடித்துக்கொண்டோம். அந்த ஸ்பீக்கரால் 41 என்ன, 100 ஹெர்ட்ஸைக்கூட ஒழுங்காகத் தர முடியாது.

பழைய பாக்ஸ் வாங்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டரும் ஒரு டார்ச் செல்லும் எடுத்துக்கொண்டு போங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம்ஸ் பாக்ஸ் 8 காட்டாது, 6 வாக்கில் காட்டும். 4 ஓம்ஸ் என்றால் 3, மூன்றேகால். ஒன்றுமே காட்டவில்லையென்றால் காயில் போய்விட்டது. விற்பவர் வாயால் சொல்லும் ஓம்ஸை நம்ப வேண்டாம், ஸ்பீக்கர் மாற்றி ரீகோன் செய்த பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். அடுத்தது, ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு நொடி ஒயரில் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ்ஸைத் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். (பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது தலைகீழ்.) வீட்டில் இருக்கும் பாக்ஸிலும் இதையே செய்யுங்கள். ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் போனால், இரண்டையும் சேர்த்து வைக்கும்போது ஒன்றின் அடிச்சத்தத்தை மற்றது தின்றுவிடும். 'இரண்டு பாக்ஸ் வைத்தும் பேஸே வரவில்லை' என்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

பிறகு கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் வேண்டாம். கடைசியாக, உங்கள் கிட்டாரை மாட்டி அடிக்கம்பியில் ஒவ்வொரு கட்டையாக ஏறுங்கள். ஏதோ ஒரு ஸ்வரத்தில் பெட்டி கடகடக்கிறதா என்று பாருங்கள். திருகு தளர்ந்த சத்தம் என்றால் பேரம் பேசலாம், ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்றால் வந்துவிடலாம்.

"ஆசாரியிடம் பிளைவுட் கொடுத்து அதே அளவில் ஒரு பெட்டி அடித்துக்கொள்ளலாமே" என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதே ஸ்பீக்கர் கிடைத்தால். நெவில் தீல் 1961ல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் விரித்து எழுதிய கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கிடைத்த ஸ்பீக்கரைக் கிடைத்த அளவில் ஓட்டை போட்ட பெட்டிக்குள் போட்டால் எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி 'பும் பும்' என்றுதான் கேட்கும். முழுக்க மூடிய பெட்டி இந்த விஷயத்தில் கொஞ்சம் மன்னிக்கும் குணம் உள்ளது.

வாங்கி வந்த பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். பக்கவாட்டில் வைத்தால் மேடையில் நாலடி நகர்ந்தாலே மேல்ஸ்தாயி மாறி மாறிக் கேட்கும். இரண்டையும் இணைக்க கிட்டார் ஒயரைப் போடவே போடாதீர்கள், அதற்கு அவ்வளவு கரண்ட் தாங்காது. ஸ்பீக்கருக்கென்றே வரும் தடித்த இரட்டை ஒயர் வேண்டும். ஸ்பீக்கான் பின் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், சாதா ஜாக் பின்னைக் கழற்றி மாட்டும்போது ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு.

இன்னும் ஒன்று பாக்கி, எடை. நியோடிமியம் மேக்னட் போட்ட பாக்ஸ் இலகுவாக இருக்கும், விலை நம்மிடம் கேட்காது. சாதாரண ஃபெரைட் மேக்னட் பாக்ஸ் என்றால் 10 இஞ்ச் இரண்டு உள்ளதே இருபது கிலோவைத் தாண்டும். ராத்திரி ஒரு மணிக்குக் கச்சேரி முடிந்து, டாடா ஏஸ் டிரைவர் "சார், சீக்கிரம்" என்று ஹாரன் அடிக்கும்போது அதைத் தூக்கப் போவது நீங்கள்தான். பேரம் முடிந்து பணத்தை எடுப்பதற்கு முன்னால், பாக்ஸை இரண்டு கையாலும் தூக்கி, அந்தக் கடை மாடிப்படியில் பத்துப் படி ஏறி இறங்கிப் பாருங்கள்.